உடுத்தியதை மட்டும் முதலில் எழுதுங்கள்

அன்புள்ள வாசகிக்கு,

பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள். இரண்டையும் நீக்கிவிட்டேன், உங்கள் அத்தை மகனை இன்னாரென்று யாரும் கண்டுகொள்ளும்படியான விவரங்களையும் எடுத்துவிட்டேன். தனிக் கடிதமாக அனுப்பாமல் இங்கே எழுதுவதற்குக் காரணம் உண்டு. நீங்கள் கேட்டிருப்பதை வாய்விட்டுக் கேட்க முடியாமல் எத்தனையோ வீடுகள் தவித்துக்கொண்டிருக்கின்றன.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, உளவியல் முதுகலை வகுப்பில் நடந்த வாக்குவாதம். ஆண் பெண்ணுடை உடுத்தினாலும் பெண் ஆணுடை உடுத்தினாலும், காரணம் எதுவானாலும் அது கிராஸ் டிரெஸ்ஸிங்தான் என்று ஒரு தரப்பு. அப்படிச் சொன்னால் தெருக்கூத்தில் திரௌபதி வேடம் கட்டுகிறவரும் அந்தக் கணக்கில் வந்துவிடுவார், ஆகவே பாலியல் கிளர்ச்சிக்காக உடுத்துவதற்கு மட்டுமே அந்தப் பெயரை வைக்க வேண்டும் என்று நீங்கள். இன்னொன்று, உங்கள் அத்தை வீட்டு பீரோ. பெண் பார்த்துக்கொண்டிருக்கும் மகனின் துணிகளுக்கு அடியில் இரண்டு சேலைகளும் அவன் அளவுக்கே தைத்த ரவிக்கையும் இருந்ததைப் பார்த்த நாளிலிருந்து அத்தை சரியாகச் சாப்பிடவில்லை. “உன் படிப்பில் இதுக்கு என்ன பேரு?” என்று உங்களிடம் கேட்டிருக்கிறார்.

உங்கள் வகுப்பில் நான் இருந்திருந்தால் எதிர்த்தரப்பில்தான் உட்கார்ந்திருப்பேன். அதற்கான காரணத்தைச் சொல்லிக்கொண்டே போனால் அத்தைக்கு என்ன சொல்வது என்பதும் அதிலேயே வந்துவிடும்.

உங்கள் வரையறைதான் மருத்துவத்தின் வரையறை என்று எழுதியிருக்கிறீர்கள். மருத்துவம் இந்த விஷயத்தில் ஒரு சொல்லில் நின்றதே இல்லை. 1910ஆம் ஆண்டு பெர்லினில் மாக்னுஸ் ஹிர்ஷ்ஃபெல்ட் என்ற மருத்துவர் ‘டி டிரான்ஸ்வெஸ்டிட்டன்’ என்ற நூலை வெளியிட்டார். டிரான்ஸ்வெஸ்டைட் என்ற சொல்லே அதிலிருந்துதான் புழக்கத்துக்கு வந்தது. அவர் விரிவாக ஆராய்ந்தது 17 பேரை. 16 ஆண்கள், ஒரு பெண். பெண்ணுடை உடுத்தும் ஆண் என்றால் ஆண்மேல் ஆசை கொண்டவனாகத்தான் இருப்பான் என்று அன்றைய மருத்துவர்கள் பலர் நம்பியிருந்தார்கள். ஹிர்ஷ்ஃபெல்ட் அந்த 17 பேரின் வாழ்க்கையையும் கேட்டு எழுதிப் பார்த்தார். பெரும்பாலானவர்களுக்கு எதிர்பாலினர்மேல்தான் விருப்பம். மணம் முடித்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். துணிமேல் கொண்ட மோகம் என்றும் இதை ஒதுக்கிவிட முடியாது என்றார். துணி மோகம் உள்ளவருக்கு அந்தத் துணிதான் முக்கியம். இவர்களுக்கோ அதை உடுத்திய நிலையில் தன்னைக் காண்பதே முக்கியம், அதில் ஒரு நிம்மதி கிடைக்கிறது என்று கண்டார். கவனியுங்கள், இந்தச் சொல்லைப் படைத்தவரே கிளர்ச்சியை அதன் எல்லைக்கோடாக வைக்கவில்லை. இன்று நாம் திருநங்கை, திருநம்பி என்று சொல்லக்கூடியவர்களும், எப்போதாவது உடுத்தி மகிழ்கிறவர்களும் அவருடைய நூலில் ஒரே கூரையின்கீழ் இருக்கிறார்கள்.

அந்தக் கூரையால் அவர்களுக்குப் பயன் இருந்தது. அக்காலப் பெர்லினில் மாற்றுடையில் தெருவில் நடந்தால் பொது ஒழுங்கைக் குலைத்ததாகக் காவலர் பிடித்துக்கொண்டு போகலாம். ஹிர்ஷ்ஃபெல்டும் அவருடன் இருந்த மருத்துவர்களும் சான்று எழுதித் தந்தால், காவல் துறை ஒரு சீட்டு வழங்கும். இந்த நபர் ஆணுடை அல்லது பெண்ணுடை உடுத்துவது காவல் துறைக்குத் தெரியும் என்று அதில் இருக்கும். சட்டைப் பையிலோ கைப்பையிலோ அதை வைத்துக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய்வர முடிந்தது. ஒரு மருத்துவப் பெயர் மனிதரைக் காப்பாற்றவும் செய்யும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது. 1919இல் அவர் தொடங்கிய பாலியல் ஆய்வு நிறுவனத்தை 1933 மே 6 அன்று நாஜிகள் சூறையாடினார்கள்; நான்கு நாள் கழித்து அதன் நூல்கள் பெர்லின் சதுக்கம் ஒன்றில் எரிந்தன. அப்போது வெளிநாட்டில் இருந்த ஹிர்ஷ்ஃபெல்ட் ஊர் திரும்பவே இல்லை. 1935இல் பிரான்சின் நீஸ் நகரில் இறந்தார்.

ஆங்கில மருத்துவர் ஹேவ்லாக் எல்லிஸுக்கு ஹிர்ஷ்ஃபெல்டின் சொல் பிடிக்கவில்லை. உடை என்பது மேலே தெரிவது, உள்ளே ஒருவர் தன்னை எதிர்பாலினராக உணர்வதே விஷயம் என்பது அவர் கட்சி. 1728இல் பிறந்து பிரெஞ்சுத் தூதராகவும் உளவாளியாகவும் இருந்து, வாழ்வின் கடைசி முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெண்ணாகவே வாழ்ந்து 1810இல் லண்டனில் இறந்த ஷெவாலியே தேயோனின் பெயரால் ‘இயோனிசம்’ என்று புதுப் பெயர் வைத்தார். அது நிலைக்கவில்லை. ஆனால் அவர் கிளப்பிய சண்டை இன்றும் உங்கள் வகுப்பறையில் நடக்கிறது: செயலை வைத்துப் பெயரிடுவதா, உள்ளத்தை வைத்துப் பெயரிடுவதா?

அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேட்டுக்கு வருவோம். நீங்கள் ஆதாரமாகக் காட்டியிருப்பது அதைத்தான். 1952இல் வந்த முதல் பதிப்பிலேயே டிரான்ஸ்வெஸ்டிசம் பாலியல் பிறழ்வுகளின் வரிசையில் இருந்தது. விளக்கம் ஏதும் கிடையாது. முறையான அளவுகோல்கள் 1980இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் தோன்றின. ஆளுக்கு எதிர்பாலின ஈர்ப்பு இருக்க வேண்டும், ஆணாக இருக்க வேண்டும், தொடக்கத்திலாவது பாலியல் கிளர்ச்சிக்காக உடுத்தியிருக்க வேண்டும். இவற்றோடு இன்னொன்று: உடுத்துவதை யாராவது தடுத்தால் அவருக்குக் கடும் எரிச்சல் வர வேண்டும். இந்தக் கடைசி அளவுகோலை நீங்கள் மறுபடி ஒரு முறை படித்துப் பார்க்க வேண்டும். மனதுக்குப் பிடித்ததைச் செய்யவிடாமல் தடுத்தால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? அந்த எரிச்சலையே நோய்க்குறியாக ஒரு கையேடு அச்சிட்டிருக்கிறது.

1987இல் பெயர் ‘டிரான்ஸ்வெஸ்டிக் ஃபெட்டிஷிசம்’ ஆனது. 1994இல் மிக முக்கியமான ஒரு நிபந்தனை சேர்ந்தது: அந்தப் பழக்கத்தால் குறிப்பிடத்தக்க மனவேதனையோ வாழ்க்கைப் பாதிப்போ இருந்தால்தான் நோய். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பு, ஆணுக்கு மட்டும், எதிர்பாலின ஈர்ப்புள்ளவருக்கு மட்டும் என்ற வேலியை எடுத்துவிட்டு ‘டிரான்ஸ்வெஸ்டிக் டிஸார்டர்’ என்று பெயரையும் மாற்றியது. ஆறு மாதமாவது கிளர்ச்சி தொடர்ந்திருக்க வேண்டும், அதனால் வேதனையோ பாதிப்போ இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். ஆக, இன்றைய கையேடே கிளர்ச்சியோடு உடுத்துகிற எல்லோரையும் நோயாளி என்று சொல்வதில்லை. உங்கள் வரையறை அதைவிடக் கடுமையானது.

உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி பட்டியல் இன்னும் சுவாரசியமானது. நம் நாட்டு மனநல மருத்துவமனைகளில் பெரும்பாலும் புழங்குவதும் அதுதான். அதன் பத்தாம் பதிப்பில் இதற்கு இரண்டு பதிவுகள் இருந்தன. எஃப் 65.1 என்பது கிளர்ச்சிக்காக உடுத்துவது. எஃப் 64.1 என்பது சற்று நேரம் மறுபாலினராக இருந்து பார்க்கும் இன்பத்துக்காக, எந்தக் கிளர்ச்சியும் இல்லாமல், நிரந்தரமாக மாறும் எண்ணமும் இல்லாமல் உடுத்துவது. கிளர்ச்சி இருந்தாலும் ஒரு எண், இல்லாவிட்டாலும் ஒரு எண். கிளர்ச்சி இருந்தால்தான் உளவியலில் அந்தப் பெயர் என்ற உங்கள் வாதம் இந்த இடத்தில் நிற்காது. ஸ்வீடன் 2009இலும் நார்வே 2010இலும் கிளர்ச்சிக்காக உடுத்துவதைத் தங்கள் நாட்டு நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டன. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த பதினோராம் பதிப்பில் அந்த இரண்டு பதிவுகளுமே இல்லை. உங்கள் பாடத்திட்டம் இதைச் சொல்லித் தரவில்லை என்றால் நீங்களே வகுப்பில் எழுந்து சொல்லுங்கள்.

இந்த எண்களையும் பெயர்களையும் நான் இவ்வளவு நீளமாகச் சொல்லக் காரணம் ஒரு லாரி ஓட்டுநர். 1961இல் பிரிட்டிஷ் உளவியலாளர்களும் மருத்துவர்களும் ஒரு மருத்துவ இதழில் அவரைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். வயது 22, மணமானவர், அவ்வப்போது பெண்ணுடை உடுத்துகிறவர், அதை விட வேண்டும் என்று மருத்துவமனைக்கு வந்தவர். அவருக்கு அபோமார்ஃபின் என்ற ஊசி போட்டார்கள். போட்டால் குமட்டிக்கொண்டு வாந்தி வரும். குமட்டல் தொடங்கும் நேரத்தில் அவர் பெண்ணுடையில் இருக்கும் படங்களைத் திரையில் காட்டினார்கள். அவர் உடுத்துவதை விவரிக்கும் ஒலிப்பதிவை ஓடவிட்டார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆறு நாள், இரவும் பகலும். எழுதியவர்கள் இதைச் சித்திரவதை என்று எண்ணவில்லை. பெயர் நோய் என்று சொன்னது, நோய்க்கு வைத்தியம் பார்த்தார்கள். அந்தப் பத்தாண்டில் மின் அதிர்ச்சி கொடுத்துப் பார்த்தவர்களும் உண்டு. ஒரு வரையறை எங்கே போய் முடியும் என்று கேட்கும்போதெல்லாம் எனக்கு அந்த அறைதான் நினைவுக்கு வரும். அவர் தானாக விரும்பி வந்தாரே என்று நீங்கள் கேட்கலாம். இருபத்திரண்டு வயதில் ஊர் முழுக்க ஒன்றைக் கேவலம் என்று சொன்னால், அதை விட்டுத் தொலைத்தால் போதும் என்றுதானே யாருக்கும் தோன்றும்?

கணக்கெடுப்புகளையும் இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். ஸ்வீடனில் 18 முதல் 60 வயது வரையுள்ள 2,450 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2005இல் ஓர் ஆய்வு வெளியானது. ஆண்களில் 2.8 சதவீதமும் பெண்களில் 0.4 சதவீதமும் ஒரு முறையாவது மாற்றுடை உடுத்திக் கிளர்ச்சி அடைந்ததாகச் சொன்னார்கள். மாற்றுடை உடுத்துகிறவர்கள் இத்தனை சதவீதம் என்று இதை மேற்கோள் காட்டுவோர் உண்டு. அது தவறு. கேள்வியிலேயே கிளர்ச்சி சேர்ந்திருந்தது. நிம்மதிக்காக உடுத்துகிறவரும், அழகு பார்க்க உடுத்துகிறவரும் அந்த எண்ணுக்குள் வரவே இல்லை. எதைத் தேடினார்களோ அதை மட்டும் எண்ணினார்கள்.

பெண்களை மருத்துவம் எப்படி நடத்தியது என்பதையும் பாருங்கள். 1980 தொடங்கி 2013 வரை அமெரிக்கக் கையேட்டில் பெண்ணுக்கு இந்த நோயே வர முடியாது. ராபர்ட் ஸ்டோலர் போன்ற பெரிய மனநல மருத்துவர்கூடப் பெண்களிடம் இது காணப்படுவதில்லை என்றே நெடுங்காலம் எழுதிவந்தார். 1982இல் அவரே மூன்று பெண்களைப் பற்றிக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. மருத்துவத்தை விடுங்கள், நம் தெருவையே பார்க்கலாம். கட்டட வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகும் பெண்கள் சேலைக்கு மேல் கணவரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். வெயிலும் முள்ளும் கையைக் கீறாமல் இருக்கவும், குனிந்து நிமிரும்போது முந்தானை விலகும் கவலை இல்லாமல் இருக்கவும் அது. பித்தான் ஆண் சட்டைப் பக்கம்தான் இருக்கும், பையில் வெற்றிலைப் பொட்டலமோ செல்போனோ இருக்கும். அந்தச் சட்டையை யாரும் ஆணுடை என்று நினைப்பதே இல்லை. ஊர் அதைப் பெண்ணுடையாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே வீட்டில் கணவர் மனைவியின் நைட்டியைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தால் தெருவே கூடிவிடும். ஆண் உடையை நோக்கி வரும் பெண்ணை ஊர் கண்டுகொள்ளாமல் விடுகிறது, பெண் உடையை நோக்கிப் போகும் ஆணைப் பார்த்துச் சிரிக்கிறது. பெண்ணாக இருப்பது ஒரு படி தாழ்வு என்ற எண்ணம்தான் இதன் வேர் என்று நான் உறுதியாக நம்புகிறேன். உங்கள் அத்தையின் அழுகையிலும் அதன் பங்கு உண்டு. அது அவர் அறிந்து சேர்த்ததல்ல.

எது யாருடைய உடை என்பதும் இடத்துக்கும் காலத்துக்கும் ஏற்ப நகர்வதுதான். 1800ஆம் ஆண்டு பாரிஸ் காவல் துறை, பெண்கள் ஆணுடை உடுத்த வேண்டுமானால் அனுமதி வாங்க வேண்டும் என்று ஆணை போட்டது. ஆடுமாடுகளை வரைந்து புகழ்பெற்ற ஓவியர் ரோசா பொன்னர் மாட்டுச் சந்தைக்குப் போய் வரைவதற்காக அந்த அனுமதிச் சீட்டை வாங்கி வைத்திருந்தார். அதற்கு மருத்துவரின் கையெழுத்தும் வேண்டும். அந்த ஆணை இனிச் செல்லாது என்று பிரெஞ்சு அமைச்சர் அறிவித்தது 2013இல்.

வரையறையை உள்ளிருந்தே இறுக்கியவர்களையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மருத்துவர்களை மட்டும் குற்றம் சொன்னதாகிவிடும். லாஸ் ஏஞ்சலிஸில் வாழ்ந்த வர்ஜினியா பிரின்ஸ் மருந்தியல் படித்தவர். ஆணாகப் பிறந்து, முதலில் அவ்வப்போதும் பின்னர் முழுநேரமும் பெண்ணுடையில் வாழ்ந்தவர். 1960இல் ‘டிரான்ஸ்வெஸ்டியா’ என்ற இதழைத் தொடங்கினார். 1961இல் அவர் கூட்டிய முதல் சந்திப்புக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு பையில் பெண்கள் அணியும் நீளக் காலுறையும் குதிகால் செருப்பும் கொண்டுவர வேண்டும் என்று சொல்லியிருந்தார். எல்லோரும் ஒரே நேரத்தில் அணிந்துகொள்ள வேண்டும். வந்திருப்பவர்களில் காவல் துறை ஆள் யாரும் இல்லை என்று ஒருவருக்கொருவர் உறுதிசெய்துகொள்ளும் வழி அது. எத்தனை பயத்தோடு வந்திருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். தன்னைப் போல் இன்னொருவர் உலகத்தில் இருக்கிறார் என்பதையே அன்றுதான் நேரில் கண்டவர்கள் அந்த அறையில் இருந்திருப்பார்கள்.

அதே பிரின்ஸ் ஒரு கதவை அடைக்கவும் செய்தார். எதிர்பாலின ஈர்ப்புள்ள ஆண்கள் மட்டுமே உண்மையான மாற்றுடையாளர்கள். ஆணை விரும்பும் ஆண்களுக்கும் பாலின மாற்று அறுவைச் சிகிச்சையை நாடுகிறவர்களுக்கும் அவர் அமைப்பில் இடமில்லை. தன் குழுவை ஊர் மரியாதையாகப் பார்க்க வேண்டும் என்பதற்காக மற்றவர்களைத் தள்ளிவைத்தார். 1997இல் அவரும் உளவியலாளர் ரிச்சர்ட் டாக்டரும் 1,032 பேரிடம் எடுத்த கணக்கெடுப்பில் 87 சதவீதத்தினர் எதிர்பாலின ஈர்ப்புள்ளவர்கள் என்று வந்தது. பயனுள்ள எண்தான், உங்கள் அத்தை மகனுக்கு ஆண்கள்மேல்தான் ஆசை என்று வீட்டார் முடிவுகட்டுவதை நிறுத்த இது உதவும். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கு மேல் யாரை உள்ளே விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதை மறந்துவிட்டு அந்த எண்ணைப் படிக்கக் கூடாது.

இப்போது உங்கள் கூத்துக் கலைஞருக்கு வருகிறேன். நீங்கள் அவரை அந்தச் சொல்லிலிருந்து காப்பாற்றப் பார்க்கிறீர்கள். அந்தச் சொல்லுக்குள் நோய் என்ற பொருளை ஏற்றிவிட்டதால்தான் அவரைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பொருளை இறக்கிவிட்டால் அவர் உள்ளே இருப்பதில் ஒரு குறையும் இல்லை. நம் மேடை வரலாற்றில் இது சாதாரணம். சிறுவர்கள் மட்டுமே நடித்த பாய்ஸ் கம்பெனிகளில் ஸ்திரீபார்ட் போட்டு வளர்ந்தவர்களில் சிவாஜி கணேசனும் ஒருவர். டி. கே. சண்முகம் ஔவையாராக நடித்துப் பெற்ற பெயர் ‘ஔவை’ சண்முகமாகக் கடைசிவரை நிலைத்தது. கே. பி. சுந்தராம்பாள் 1935இல் ‘பக்த நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார்; அதற்கு அவர் வாங்கிய ஒரு லட்ச ரூபாய் அந்நாளில் ஊரே பேசிய தொகை. இவர்களில் யாருக்கும் உளவியல் விளக்கம் தேவைப்படவில்லை.

தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்துக்கு ஒரு முறை தசரா நேரத்தில் போயிருந்தேன். முத்தாரம்மன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டவர்கள் காப்புக் கட்டி, விரதமிருந்து, வேடம் போட்டுக் காணிக்கை வாங்கிக் கோயிலில் சேர்ப்பார்கள். காளி, குறத்தி என்று பெண் வேடம் போடும் ஆண்கள் நிறைய. கடற்கரைப் பக்கம் ஒரு வேனின் நிழலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். மீன்பிடித் தொழிலாளியாக இருக்கலாம், வெயிலில் காய்ந்த தோள்கள். அவர் மனைவி கீழே குத்த வைத்து உட்கார்ந்து, வாயில் இரண்டு ஊக்குகளைக் கவ்விக்கொண்டு, அவருடைய சேலைக் கொசுவத்தை மடித்துச் செருகிக்கொண்டிருந்தார். கொசுவம் ஒரு பக்கம் இறங்கியிருந்தது. “அசையாம நில்லுங்க” என்று அதட்டினார். அவரும் நின்றார். பக்கத்தில் அவர்கள் பிள்ளை மிக்சர் தின்றுகொண்டிருந்தது. எந்த வெட்கமும் எந்த அழுகையும் அங்கே இல்லை.

அந்த மனைவிக்கும் உங்கள் அத்தைக்கும் எதிரே இருக்கும் செயல் ஒன்றுதான்: ஓர் ஆண், ஒரு சேலை. காரணம் வேறாக இருக்கலாம். அந்தக் காரணம் பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும். ஆகவேதான் சொல்கிறேன், வரையறை செயலோடு நிற்கட்டும். ஊரும் உடுத்துகிறவரும் மறுபாலினத்துக்கு உரியது என்று கருதும் உடையைத் தெரிந்தே உடுத்துவது. என் வரையறை இவ்வளவுதான். ஏன், எப்போது, கிளர்ச்சி உண்டா, நிம்மதியா, நேர்த்திக்கடனா, தொழிலா, வேதனை உண்டா, அந்த வேதனை உள்ளிருந்து வருகிறதா வெளியிலிருந்து வருகிறதா என்பதெல்லாம் அதற்குப் பிறகு தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்விகள். எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைத்தால் கேட்காமலேயே பதில் எழுதிவிடுவோம்.

இந்த வரையறைக்குள் திருநங்கையர் வர மாட்டார்கள் என்பதையும் அழுத்திச் சொல்கிறேன். சேலை அவர்களுக்கு மறுபாலின உடையே இல்லை, சொந்த உடை. ஒருவர் தன் பாலினத்தைத் தானே சொல்லலாம் என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் நால்சா வழக்கில் தீர்ப்பளித்த பிறகும், வேஷம் போட்டுக்கொண்டு வருகிறார்கள் என்று பேருந்தில் சொல்கிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் போட்ட 1871ஆம் ஆண்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பகுதி இதைத்தான் செய்தது. வட இந்தியாவில் அலிகள் என்று பதிவேட்டில் ஏற்றப்பட்டவர்கள் பெண்ணுடையோ நகையோ அணிந்து தெருவில் தென்பட்டால் பிடியாணை இல்லாமலே கைதுசெய்யலாம், இரண்டு ஆண்டுவரை சிறையில் வைக்கலாம். உடைக்குச் சட்டம் சொன்ன பொருள் மனிதரின் தலையில் விடிந்தது.

இனி உங்கள் அத்தைக்கு. “பேர் ஒன்றுதான், அவன் சேலை உடுத்திப் பார்க்கிறான். மீதி எதுவும் நமக்கு இன்னும் தெரியாது” என்று சொல்லுங்கள். அவன் பெண்ணாக வாழ விரும்புகிறானா, ஆண்களை விரும்புகிறானா, இரண்டும் இல்லையா என்பதைப் பீரோவிலிருந்து படிக்க முடியாது. சேலைகளை எரிக்கவோ மறைக்கவோ வேண்டாம். அவனிடம் பேசப்போவது நீங்களாகவே இருக்கட்டும். பெற்றவர்களைவிட உங்களிடம் பேசுவது அவனுக்கு எளிது. போனதும் விளக்கம் கேட்காதீர்கள். பார்த்துவிட்டோம், யாருக்கும் சொல்லவில்லை, உனக்குக் கஷ்டமாக ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். இல்லை என்றால் அதை நம்புங்கள். இருக்கிறது என்றால் என்ன கஷ்டம் என்று அவன் வாயாலேயே வரட்டும். உங்கள் களப் பயிற்சியில் யாரேனும் இப்படி வந்தாலும் இதே வரிசைதான்: உடுத்தியதை முதலில் எழுதுங்கள், அவர் சொன்ன காரணத்தை அவர் சொற்களிலேயே அடுத்து எழுதுங்கள், வேதனையை அது எங்கிருந்து வருகிறது என்பதோடு சேர்த்து எழுதுங்கள். நோயின் பெயரை எழுதும் இடம் காலியாக இருந்தால் இருக்கட்டும்.

ஒன்றில் நான் அத்தையோடு உடன்பட மாட்டேன். கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்று அவர் சொல்கிறாரே, அது வேண்டவே வேண்டாம். வரப்போகிற பெண்ணும் ஒரு வீட்டின் பிள்ளை. அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டியதை அவன் சொல்ல வேண்டும். நிச்சயத்துக்கு முன் சொல்ல வேண்டும். கணவரின் சேலை தெரிந்தும் நன்றாக வாழ்கிற மனைவியர் உண்டு. ஏமாற்றப்பட்டோம் என்று உணர்கிற மனைவியருக்கு வலிப்பது பெரும்பாலும் மறைத்து வைத்ததுதான். அவன் தன்னைப் பற்றித் தானே தெளிவாகும்வரை பெண் பார்ப்பதை நிறுத்திவைக்கச் சொல்லுங்கள்.

மருத்துவரிடம் போகலாமா என்ற கடைசிக் கேள்விக்கு: அவனுக்கு வேதனை இருந்து, அவனே விரும்பினால் போகலாம். தன்பாலீர்ப்பையோ பாலின அடையாளத்தையோ மருத்துவத்தால் மாற்ற முயல்வதை 2021 ஜூனில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் சென்னை உயர் நீதிமன்றத்தில் தடைசெய்தார். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில்முறைக் குற்றம் என்று அறிவித்தது. அந்த ஆணைகள் உடையைப் பற்றிப் பேசவில்லை. ஆனாலும் ஆளைப் பார்க்காமலேயே மாற்றித் தருகிறேன் என்று சொல்கிற மருத்துவரை அடையாளம் காண அவை போதும். நேரம் வாங்குவதற்கு முன் தொலைபேசியில் நீங்களே கேளுங்கள்: “ஒரு பையன் பெண்ணுடை உடுத்துகிறான், நீங்கள் என்ன செய்வீர்கள்?” முதலில் அவனோடு பேசிப் பார்க்க வேண்டும் என்ற பதில் வந்தால் அழைத்துப் போங்கள். சில மாதத்தில் விட வைத்துவிடலாம் என்று வந்தால் வேறொருவரைத் தேடுங்கள். பேசிவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்